12 வோல்ட் எங்கே தொலைகிறது?

பழைய மாருதி 800 ஒன்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டால் பம்பின் ரீங்காரம் இல்லை. ஃபியூஸ் போகவில்லை. பம்புக்குப் போகும் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. “லைன் வருது சார், பம்ப்தான் போச்சு” என்று முடிவாகிறது. புதுப் பம்ப் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் ஓடவில்லை. பேட்டரியிலிருந்து தனியாக இரண்டு வயர் இழுத்து அதே பம்புக்குக் கொடுத்தால் உடனே ஓடுகிறது.

லைன் சரி, பம்பும் சரி. இரண்டையும் சேர்த்தால் மட்டும் வேலை நடக்கவில்லை. கடலோரத்தில் ஓடிய பழைய வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று உப்பளத்தையும் கழிமுகத்தையும் ஒட்டி வாழும் ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால், தேவையில்லாமல் பம்ப் வாங்கும் செலவு மிஞ்சும்.

முதலில், பெட்ரோல் விஷயத்தில் மின்சாரம் எப்படி இவ்வளவு முக்கியமானது என்று பார்ப்போம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் இருந்தது கார்ப்பரேட்டர். பெட்ரோலை டேங்கிலிருந்து இழுத்துக் கொடுத்தது மெக்கானிகல் பம்ப்: இன்ஜின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் அசையும், அதனால் ஒரு டயாஃப்ரம் ஏறி இறங்கும், பெட்ரோல் வந்து சேரும். 2000-இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் இறுகின. மாருதி 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. வந்தது. மூன்று சிலிண்டருக்கும் ஆளுக்கொரு இன்ஜெக்டர். பெட்ரோலைப் பீய்ச்சும் நேரத்தையும் அளவையும் ஒரு கண்ட்ரோல் யூனிட் தீர்மானிக்கும். பீய்ச்சுவதற்கு அழுத்தம் வேண்டும், அதனால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு மின்மோட்டார் பம்ப் குடியேறியது. 2014-இல் 800-இன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஓடுகிற எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பலவும் இருபது வயதைத் தாண்டியவை, அவற்றின் வயரிங் கிட்டுக்கும் அதே வயதுதான்.

பெட்ரோலுக்குள் மோட்டாரை முக்கி வைத்தால் தீப்பிடிக்காதா என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் காற்றோடு அது கலந்திருக்கும் விகிதம் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பம்புக்குள்ளே இருப்பது காற்றே இல்லாத திரவம். நம் ஊர் வெப்பத்தில் டேங்கின் மேல்பகுதியில் நிற்கும் ஆவியும் அந்த மேல் வரம்பைத் தாண்டிய அடர்த்தியில் இருக்கும். எரிய ஆக்சிஜன் போதாது. பெட்ரோலே அந்த மோட்டாரைக் குளிர்விக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம். டேங்குக்கு வெளியே நிலைமை தலைகீழ். அங்கே கசியும் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்துவிடும். ஆகவே டேங்குக்குப் பக்கத்தில் வயரை உரசிப் பொறி பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது.

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடிகள் மட்டும் பம்ப் ஓடி நிற்கும். கண்ட்ரோல் யூனிட் ஒரு ரிலேயை இழுத்து விடுவதால் வரும் ரீங்காரம் அது. அதன்பின் இன்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் ரிலே மறுபடி இழுக்கும். விபத்தில் பெட்ரோல் குழாய் அறுந்து இன்ஜின் நின்றுவிட்டால், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்து சாலையில் பெட்ரோலைக் கொட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பழுது பார்ப்பவருக்கு இதில் ஒரு தடயமும் கிடைக்கிறது. அந்த இரண்டு நொடி சத்தம் கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடவில்லை என்றால் சென்சார் பக்கம் போக வேண்டும். இரண்டு நேரத்திலும் சத்தமே இல்லை என்றால் நம் தேடல் பம்பின் மின்சுற்றில்.

இனி அந்த 12.4 வோல்ட் புதிருக்கு, ஒரு தண்ணீர்க் குழாய் வழியாக வருவோம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தத் தண்ணீர் ஏறிய பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே உப்பும் துருவும் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, கீழே குழாயை மூடி அழுத்தமானியை வைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். முழு அழுத்தமும் காட்டும். குழாயைத் திறந்தால் நூலாக ஒழுகும். மூடியிருந்தபோது தண்ணீர் நகரவில்லை. நகராத தண்ணீருக்கு அடைப்பு ஒரு தடையே இல்லை. ஓடத் தொடங்கும்போதுதான் அடைப்பு அழுத்தத்தைத் தின்னும்.

கப்ளரைக் கழற்றி வோல்ட் பார்ப்பது, குழாயை மூடி அழுத்தம் பார்ப்பதேதான். வோல்ட் என்பது மின்னழுத்தம். ஓடுகிற அளவு மின்னோட்டம், அதை ஆம்பியரில் சொல்கிறோம். வழியில் இருக்கும் இடைஞ்சல் மின்தடை, அதன் அலகு ஓம். ஒரு தடையில் தொலையும் அழுத்தம், அந்தத் தடையையும் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 1827-இல் கெயோர்க் ஓம் என்ற ஜெர்மானியர் வெளியிட்டது இதைத்தான். மின்னோட்டம் இல்லையென்றால் தடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இழப்பும் இல்லை.

சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறக்குறைய ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழியில் எங்கோ ஒரு இணைப்பு களிம்பேறி 10,000 ஓம் தடையாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், மீட்டர் இழுக்கும் அந்தத் துளி மின்னோட்டத்துக்கு அங்கே தொலைவது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குதான். 12.4-க்குப் பதில் 12.39 காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. பம்போ நான்கைந்து ஆம்பியர் கேட்பது. 10,000 ஓம் வழியாக அதற்குக் கிடைப்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோட்டார் அசையக்கூட அசையாது.

பத்தாயிரம் ஓம் எல்லாம் வேண்டியதில்லை, ஒரே ஒரு ஓம் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் பம்பின் தடை சுமாராக 2.4 ஓம். அதோடு 1 ஓம் கெட்ட இணைப்பு தொடராகச் சேர்ந்தால் மின்னோட்டம் மூன்றரை ஆம்பியராகிறது, பம்புக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட்தான். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் தடை ஓடும் மோட்டாருடையதைவிடக் குறைவு. கிளம்பும் கணத்தில் அது இன்னும் அதிக மின்னோட்டம் கேட்கும், அப்போது அந்த 1 ஓமில் தொலையும் அழுத்தமும் கூடும். பிரஷ் கொஞ்சம் தேய்ந்த பம்ப் என்றால் கிளம்பவே கிளம்பாது. வயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரின் பீப் சத்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் இந்த 1 ஓமைப் பிடிக்க முடியாது. பல மீட்டர்கள் முப்பது நாற்பது ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? பட்டறைகளில் பழைய எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் இந்த இடத்தில் விலையுயர்ந்த மீட்டரை வென்றுவிடும். இன்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு, அதன் அடியில் சால்டர் வைத்த இரண்டு வயர், முனையில் ஒரு முதலைக் கிளிப். பம்ப் கப்ளரின் இரு முனைகளுக்கு நடுவே இதை மாட்டினால் அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். மின்சுற்றுக்கு உண்மையான சுமை வந்துவிடுகிறது. வழி நன்றாக இருந்தால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். இணைப்பு கெட்டிருந்தால் பல்புக்குள் இழை மட்டும் செம்மஞ்சளாகக் கனலும். இன்னும் மோசமென்றால் ஒன்றுமே தெரியாது; பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தாலோ அதே இடத்தில் 12.39 என்று காட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் வயர்களில் இந்தப் பல்பை மாட்டக் கூடாது. அவை இவ்வளவு மின்னோட்டம் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல, யூனிட்டே போய்விடலாம்.

பல்பு நோய் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்க மறுபடி மீட்டரை எடுக்க வேண்டும், இம்முறை மின்சுற்றில் சுமையை வைத்துக்கொண்டே. பம்ப் கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு, ரிலேயைப் பிடுங்கி, அதன் சாக்கெட்டில் மின்சாரம் வரும் முனையையும் பம்புக்குப் போகும் முனையையும் ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்தால் பம்புக்கு இடைவிடாமல் மின்சாரம் போகும். இதைச் செய்வது டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் ரிலே பெட்டியில் என்பதால் பொறி பறந்தாலும் பயமில்லை. இப்போது மீட்டரின் இரு முட்களையும் வழியின் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் வைத்துக்கொண்டே போக வேண்டும். துண்டு நன்றாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். எங்கே எண் ஏறுகிறதோ அங்கே வோல்ட் தொலைகிறது. பட்டறையில் இதை ‘வோல்டேஜ் ட்ராப்’ பார்ப்பது என்பார்கள், நாம் அழுத்த இழப்புச் சோதனை எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பேட்டரி 12.4 வோல்ட். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பம்பின் பாசிட்டிவ் வரை இழப்பு 0.6. பம்பின் இரு முனைகளுக்கு இடையே 7.9. பம்பின் நெகட்டிவிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை 3.9. மூன்றையும் கூட்டினால் 12.4. கூட்டுத்தொகை எப்போதும் பேட்டரியின் வோல்ட்டுக்குச் சமமாகத்தான் வரும். 1845-இல் 21 வயது மாணவராக இருந்தபோது குஸ்தாவ் கிர்க்காஃப் வகுத்த விதி அது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இதுதான்: கணக்கு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். கூட்டல் பொருந்தவில்லை என்றால் ஓர் அளவை தப்பாக எடுத்திருக்கிறோம், திரும்ப எடுக்கலாம். ஊகத்துக்கு வேலையே இல்லை.

நம் எடுத்துக்காட்டில் கெட்ட இடம் நெகட்டிவ் பக்கம். அதை மேலும் பிரிப்போம். பம்பின் நெகட்டிவ் முனையிலிருந்து எர்த் வயரின் தகடு வரை 0.1 வோல்ட். அந்தத் தகட்டுக்கும் அதை போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் பாடி இரும்புக்கும் நடுவே 3.6. பாடியிலிருந்து பேட்டரி வரை 0.2. ஆக, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் 3.6 வோல்ட் போய்விட்டது. ஃபியூஸையும் ரிலேயையும் பம்பையும் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் அந்த போல்ட்டை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். காரில் பாசிட்டிவுக்குத்தான் வயர் போகிறது, திரும்பும் வழி பாடிதான். வயர் கண்ணுக்குத் தெரிகிறது, திரும்பும் வழி தெரிவதில்லை. அதனால்தான் எர்த் கோளாறு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் இருபது வயதுக் காரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தகடும் பாடியும் இறுகித்தான் இருக்கின்றன, பிறகு எப்படித் தடை? பளபளப்பான இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு இறுக்கினாலும் அவை உண்மையில் தொட்டுக்கொள்வது சில நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டுமே. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியே நெருக்கிப் பிழிந்து போகிறது. சுவீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். இது எப்படித் தெரிந்தது என்றால், தொடும் இடத்தின் தடை, தகட்டின் பரப்பளவைப் பெரிதாக்கினால் அநேகமாக மாறுவதில்லை, அழுத்தும் விசையைக் கூட்டினால் குறைகிறது. பரப்பு முழுவதும் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படி நடக்காது. இந்தத் தொடுதடை நல்ல இணைப்பில் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தச் சில புள்ளிகளுக்கு நடுவில் வேறு ஏதாவது புகுந்துவிட்டால் நிலைமை மாறிவிடும்.

கடலோரத்தில் புகுவது உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. உலோகத்தில் படிந்த உப்புத் தூள் வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். எண்ணூர்ப் பக்கம் அந்த ஈரப்பதத்துக்கு மழை வேண்டாம், சாதாரண விடியற்காலையே போதும். ராத்திரி முழுக்கத் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் நிற்கிறது. வெள்ளீயம் பூசிய செம்புத் தகடும் இரும்புப் பாடியும் அந்தப் படலத்தால் இணைந்ததும் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிறது. அதில் கரைவது இரும்பு. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிடச் சில மடங்கு இடம் பிடிக்கும். அது தகட்டைப் பாடியிலிருந்து மெல்ல நெம்பித் தள்ளிவிடும். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், நடுவில் இருப்பதோ மின்சாரம் சரியாகக் கடக்காத பழுப்புப் பொடி. கப்ளருக்குள் இருக்கும் செம்பு முனைகளில் இதுவே பச்சைக் களிம்பாகப் பூக்கும். லாரிகள் விடாமல் ஓடும் சாலைகளின் குலுக்கலில் முனைகள் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருப்பதால் பூச்சு தேய்ந்து, புது உலோகம் தொடர்ந்து காற்றுக்கு வெளிப்படுகிறது.

இழந்த வோல்ட் காணாமல் போவதில்லை, சூடாகிறது. நம் எடுத்துக்காட்டில் அந்த போல்ட்டில் சுமார் 12 வாட் சூடாக வீணாகிறது. பாடி பெரிய இரும்புத் தகடு என்பதால் அதை வாங்கிக்கொள்ளும். அதே இழப்பு பிளாஸ்டிக் கப்ளருக்குள் நடந்தால் அது பழுத்து, உருகி, கருகும். பம்ப் சற்று நேரம் ஓடியபின் ஒவ்வொரு கப்ளராக விரல் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. சூடான கப்ளர் தன் குற்றத்தைத் தானே சொல்லிவிடும். கருகிய கப்ளருக்குக் குறைந்த ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பயனில்லை. இணைப்பு கெட்டால் மின்னோட்டம் குறையத்தான் செய்யும், ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

ரிலேயைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: ‘டிக்’ சத்தம் வந்தால் ரிலே நன்றாக இருக்கிறது என்பது. ரிலேக்குள் இரண்டு தனித்தனி மின்சுற்றுகள். பல ரிலேக்களின் அடியில் 85, 86 என்று எண்ணிட்ட முனைகள் காயிலுக்கு, அது இழுப்பது ஆம்பியரில் ஆறேழில் ஒரு பங்கு. 30, 87 என்ற முனைகள் பம்பின் மின்னோட்டத்தைக் கடத்தும் தொடுபுள்ளிகளுக்கு. ‘டிக்’ சத்தம் காயில் இழுத்ததை மட்டுமே காட்டும். தொடுபுள்ளி கருகியிருந்தாலும் அதே சத்தம்தான். 30-க்கும் 87-க்கும் நடுவே, ரிலே தன் இடத்திலேயே வேலை செய்யும்போது, அழுத்த இழப்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும் வண்டிகளின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும். வழியில் மூன்று வோல்ட் தொலைந்தால் பம்புக்கு மிஞ்சுவது ஏழுதான், அழுத்தம் போதாது. இன்ஜின் பிடித்துவிட்டால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும், அதே இழப்புக்குப் பிறகும் பம்ப் சமாளித்துவிடும். ஆனால் வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போய் மேம்பாலம் ஏறும்போது பெட்ரோல் போதாமல் இழுவை குறையும். இப்படிப்பட்ட வண்டியில் ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியிருப்பார்கள்.

இன்ஜெக்டர் பக்கம் இதே நோய் இன்னும் நுட்பமாக வரும். இன்ஜெக்டர் ஒரு மின்காந்த வால்வு. வோல்ட் குறைந்தால் அது திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். கண்ட்ரோல் யூனிட்டுக்கு இது தெரியும், தனக்கு வரும் வோல்ட்டைப் பார்த்து அதற்கேற்பப் பீய்ச்சும் நேரத்தை நீட்டிக்கொள்ளும். இழப்பு இன்ஜெக்டர் வயரில் மட்டும் இருந்தால் யூனிட்டுக்குச் செய்தி போகாது. தனக்குப் பதினான்கு வோல்ட் வருகிறது, ஆகவே இன்ஜெக்டருக்கும் அதுவே போகிறது என்று அது கணக்குப் போடும். பெட்ரோல் குறைவாகவே போகும்.

வைத்தியம் எளிது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றி, தகட்டையும் பாடியையும் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே வாசலீன் அல்லது கிரீஸ் பூசலாம். தேய்த்த பகுதிக்குக் காற்றும் உப்புநீரும் போகாது. கப்ளர் முனைகளில் களிம்பு லேசாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். முனை கருத்து, பிடிப்பு தளர்ந்திருந்தால் சுரண்டுவதில் பயனில்லை, அந்த முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும். பிறகு பேட்டரியை மாட்டி, பம்பை ஓடவிட்டு, அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். எர்த் பக்கம் மொத்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்ளும், பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் போதும். அப்போதும் பம்பின் முனைகளில் பதினொன்றரைக்கு மேல் வோல்ட் நின்றுகொண்டிருக்க, சத்தம் வரவில்லையென்றால் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்தப் பம்பை மாற்றத்தான் வேண்டும்.